மார்கழிக் குளிரும் வீட்டுக் கைத்தொழிலும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென் புறநகர்களில் குளிர்காலம் என்று ஒன்று உண்டோவென நீலகிரிவாசிகள் நகைக்கக்கூடும். உஷ்ணமானி 20 டிகிரிக்கு அருகே இறங்கினாலே நாம் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்ளுகிறோம். ஆயினும் அடைமழையில் ஊறிய சுவரும், ஏரிக்கரைக் காற்றும், விடியற்காலைப் பனியும் சேர்ந்து, கார்த்திகை முதல் தை வரையில் இப்பகுதி ஜனங்களை நேரத்தோடு வீட்டுக்குள் சேர்த்துவிடுகின்றன. அக்காலத்தில் வீட்டில் என்ன செய்யப்படுகிறது, யார் கையால் செய்யப்படுகிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். தேச காரியங்களைப் பேசும் பக்கத்தில் அடுப்படிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். சுதேசியத்தைப் பற்றி மேடையில் முழங்குவோர், தம் வீட்டில் கையால் செய்த பொருள் எத்தனை என்று எண்ணிப் பார்த்ததுண்டோ?

முதலில் கார்த்திகையைப் பார்ப்போம். செங்கற்பட்டுச் சீமையின் சிறுவர்களுக்குக் கார்த்திகை என்றால் மாவளிதான். ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைப் பொறுக்கி வந்து, சிறு குழி தோண்டி அதிலிட்டுக் கொளுத்துவார்கள். நன்றாகத் தணல் பிடித்ததும் மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். திறந்து வைத்தால் கரி கிடைக்காது; சாம்பலே மிஞ்சும். ஆறிய கரியை நுண்ணிய தூளாக இடித்து (உப்புத் தூள் சேர்ப்போரும் உண்டு), பழைய பருத்தித் துணியில் விரற் பருமனாகச் சுருட்டி, நூலால் இறுகக் கட்டுவார்கள். அதைப் பனைமட்டைச் சிம்புகளின் நடுவே வைத்துப் பிணைத்து, நீண்ட கயிற்றில் தொங்கவிட்டு, நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால், பொன்னிறப் பொறிகள் வளையம் வளையமாகச் சிதறும். காசு செலவில்லை, காதைப் பிளக்கும் ஓசையுமில்லை. சிவகாசிப் பட்டாசும் தமிழர் தொழிலே. அதைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் விலைக்கு வாங்கிய பட்டாசைக் கொளுத்தும் சிறுவனுக்கு அது எப்படி எரிகிறது என்பது தெரியாது. மாவளி செய்த சிறுவனோ, காற்றுப் புகாமல் எரிந்த பொருளே கரியாகும் என்பதைப் பள்ளிக்கூடம் சொல்வதற்கு முன்பே அறிந்தவனாகிறான்.

அதற்குப் பனை வேண்டுமே! முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கங்களில் வயல்கள் மனைகளாகப் பிரிந்தபோது வரப்புப் பனைகளும் வீழ்ந்தன. தமிழ்நாட்டின் மாநில மரம் என்ற பெருமை பனைக்கு உண்டு. கலெக்டரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாதென்று 2021ஆம் வருஷத்து வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம்; சற்றுத் தாமதமாக வந்தது.

கார்த்திகைப் பொரியுருண்டை சிறிய விஷயமே. வெல்லப்பாகு பதம் வந்ததா என்று அறிய ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு, தட்டினால் ஓசை கேட்க வேண்டும். பொரியைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் அரிசிமாவு தொட்ட கையால் பிடிக்க வேண்டும். கைகள் பல இருந்தால் வேலை விரைவில் முடியும். இதைத்தான் இப்போது கடைகளில் காகிதப் பெட்டியில் வாங்கி வருகிறோம்.

மார்கழிக்கு வருவோம். மூன்று பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பை இளவறுப்பாக வறுத்துச் சேர்த்து, இரண்டின் மொத்த அளவுக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மிளகு, சீரகம், இஞ்சி ஆகியவற்றை நெய்யில் தாளித்துக் கொட்டினால் வெண்பொங்கல் ஆயிற்று. மாலையில் சளி பிடித்த குழந்தைக்குச் சுக்கும் கொத்துமல்லி விதையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துப் பனைவெல்லம் கலந்த நீர். எவருக்கும் எட்டாத பாகமன்று. ஆனால் இப்பொங்கலுக்காக நாலரை மணிக்குக் குளிர்ந்த தரையில் கால் வைத்து எழுந்திருப்பவர் யார்? வாசலில் குனிந்து கோலமிடுபவர் யார்? 1931ஆம் வருஷம் தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல், பட்டணத்துக்கு உழைக்கப் போவோரின் இருப்பிடமாக இவ்வூர்கள் பெருகின. இன்று அந்த வண்டியில் ஸ்திரீகளும் உத்தியோகத்துக்குப் போய் இரவில் களைத்துத் திரும்புகிறார்கள். திரும்பியபின் அடுப்பு அவர்களுக்கு, பத்திரிகை நமக்கு. இந்நிலையில் பழைய வீட்டுத் தொழில்களை மீட்க வேண்டுமென்று புருஷர்கள் உபதேசம் செய்வது, பிறர் முதுகில் மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பாகும். அவர்கள் கடையில் வாங்குவதை நாம் குறை கூற உரிமையில்லை.

1910ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது அங்கே வசித்தவர்களில் தமிழர்களும் இருந்தனர். அங்கே கோதுமையைக் கையால் அரைத்து ரொட்டி சுட்டார்கள், ஆரஞ்சுப் பழத்தில் மர்மலேட் செய்தார்கள், செருப்புத் தைத்தார்கள். பாரிஸ்டராகிய காந்தியும் செருப்புத் தைக்கக் கற்று, பின்னர்ச் சிறையில் தாம் தைத்த ஒரு ஜோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்கே அளித்தார். அரசாங்கத்தை எதிர்த்த புருஷர்களுக்கு மாவு பிசைவதில் மானக்குறைவு தோன்றவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2015ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின, படகுகள் தெருவில் ஓடின, மின்சாரம் நின்றது. அந்நாட்களில் சென்னையெங்கும் மண்டபங்களில் வாலிபர்கள் காய் நறுக்கிச் சாதம் வடித்துப் பொட்டலம் கட்டினார்கள். ஒருவரும் வெட்கப்படவில்லை. வெள்ளம் வடிந்ததும் அக்கைகள் அடுப்பை விட்டு எங்கே போயின என்பதே நம் கேள்வி.

கடைசியில் போகி. கோரைப் பாயும் ஓலை முறமும் எரிந்த காலத்துப் புகை வேறு. ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரியும் இக்காலத்துப் புகை வேறு. 2018ஆம் வருஷத்துப் போகியன்று பனியும் புகையும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. கொளுத்துவதற்கென ஒதுக்கும் மூட்டையில் பழைய பருத்திப் புடவையும் வேட்டியும் இருந்தால் அவற்றையேனும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கஞ்சி போகத் துவைத்து வெயிலில் உலர்த்தி, நான்கைந்து மடிப்பாக ஒன்றன்மேல் ஒன்று விரித்து, ஓரத்திலிருந்து நடுவரையில் நேரோட்டமாகத் தைத்துவந்தால் பனிக்காலத்துக்கு இதமான போர்வையாகும். வங்காளத்தார் இதைக் காந்தா என்பர். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அவர்கள் வழக்கம். ஒரு போர்வைக்குச் சில வாரத்து மாலைப்பொழுது போதும். ஊசியில் நூல் கோக்கவே அறியாத நண்பர்கள், முதலில் தம் சட்டையில் அறுந்து தொங்கும் பொத்தானைத் தைத்துப் பழகட்டும்.