தறியில் தங்கும் உயிர்

மொராக்கோவின் அட்லஸ் மலையூர்களில் கம்பளம் நெய்து முடிந்ததும் உடனே அறுத்து இறக்கிவிடுவதில்லை. முதலில் அதன்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பாவு ஏற்றிய அன்று தறிக்கு உயிர் வருகிறது; அறுக்கும் அன்று அது பிரிகிறது. சாகக் கிடப்பவர் வாயில் தண்ணீர் விடுவோம் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். தறியில் ‘பரக்கா’ எனும் இறையருள் குடியிருப்பதாக அங்குள்ள மூத்த பெண்கள் நம்புகிறார்கள்.

இந்த மலைமக்களுக்குப் பெர்பெர் என்பது வெளியார் இட்ட பெயர். அவர்கள் தங்களை அமாஸிக் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். சுதந்திர மனிதர் என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். அவர்களுடைய மொழி 2003இல்தான் மொராக்கோ பள்ளிகளுக்குள் நுழைந்தது. 2011 அரசியல் சட்டம் அதை ஆட்சிமொழியாக ஏற்றது. ஏட்டில் இடம் கிடைக்காத அத்தனை காலமும் அந்த மொழியைப் பெண்கள் வீட்டில் பேசிக் காத்தார்கள். கோலங்களைக் கம்பளத்தில் முடிந்து காத்தார்கள்.

வேலை ஆட்டில் தொடங்குகிறது. ரோமத்தைக் கத்தரித்து, ஆற்றில் அலசி, உலர்த்தி, சிக்கெடுத்து, கதிரில் நூற்க வேண்டும். இந்த முன்வேலைக்கே நாள் நிறையப் பிடிக்கும். சாயத்துக்கு மஞ்சிட்டி வேர், அவுரி, மாதுளைத் தோல். தாலியூயின் ஊர்ப்பக்கம் குங்குமப்பூவும் உண்டு. தறி செங்குத்தாக நிற்கும். பாவு நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டு ஒரு வரிசையை நிரப்பி, ஊடை நூலை ஓட்டி, கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். எதிரே மாதிரிப் படம் எதுவும் இருக்காது. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து மகள் கண்ணால் பார்த்துக் கற்றதுதான் எல்லாம். அதனால்தான் கட்டம் ஒரு மூலையில் திடீரென வளைகிறது, நூல் தீர்ந்த இடத்தில் நிறம் மாறுகிறது. கம்பளத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் அவையே.

ஊருக்கு ஊர் கைவண்ணம் வேறு. மத்திய அட்லஸின் பெனி ஊரெய்ன் குலத்தார், சாயமேற்றாத வெள்ளைக் கம்பளியில் கறுப்புக் கோடுகள் மட்டும் ஓடவிடுவார்கள். பனி கொட்டும் மலையில் படுக்கவும் போர்த்தவும் ஆனது அது. தடிமனுக்குக் காரணம் குளிர். தெற்கே தஸ்நாக்தில் மஞ்சளும் சிவப்பும் ஆளும். கம்பளி அரிதான காலத்தில், பழந்துணியைக் கீற்றுக்கீற்றாகக் கிழித்து நெய்தவர்களும் உண்டு. அந்தக் கந்தல் கம்பளத்துக்குப் பெயர் பூஷெர்வீத். ஏழ்மையில் பிறந்த அது இன்று கலைக்கூடச் சுவர்களில் தொங்குகிறது.

சாய்சதுரம் என்றால் பெண்மை, வளைகோடு என்றால் பாம்பு அல்லது நீர், ஐந்து விரல் என்றால் கண்ணேறு விலகும். கடைக்காரர்கள் இப்படி வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது; இதே வடிவங்கள் பெண்களின் பச்சைக்குத்தலிலும் மட்பாண்டத்திலும் இருக்கின்றன. ஆனால் அகராதி வைத்து வாசிக்கும் எழுத்தாக இதை எண்ணுவது தவறு. ஒரே கோலத்துக்குப் பக்கத்து ஊரில் வேறு பெயர் இருக்கும். அதை நெய்தவளோ, பாட்டி போட்டாள், நானும் போட்டேன் என்பாள். அந்தப் பதிலே எனக்குப் போதும்.

பிரெஞ்சு ஆட்சியில் ப்ராஸ்பெர் ரிகார் என்ற அதிகாரி, மொராக்கோ கம்பளங்களைத் தொகுத்து 1923 முதல் நான்கு தொகுதிகள் வெளியிட்டார். சண்டிகரை வடிவமைத்த லே கொர்புசியேயும் இந்தக் கம்பளங்களை விரும்பியவர். ரிகாரின் பெயர் தெரியும், கொர்புசியேயின் பெயர் தெரியும். நெய்தவளின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

என்னை வருத்துவது இதுதான். நெய்வது பெண், சந்தைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஆண். அங்கிருந்து தரகர், நகரத்து வியாபாரி, ஏற்றுமதியாளர் என்று கைமாறக் கைமாற விலை ஏறும். மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்தவளுக்கு ஒரு துளி வந்து சேரும். இந்த வடிவங்களைப் பார்த்து இயந்திரத்தில் அடித்த நகல்கள் வேறு உலகச் சந்தையில் குவிகின்றன. பெண்களே கூட்டுறவு அமைத்து நேரடியாக விற்கும் ஊர்களில்தான் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது.

2023 செப்டம்பர் 8 இரவு உயர் அட்லஸ் மலையை நிலநடுக்கம் உலுக்கியது. 2,900 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிந்த மலையூர்களில் நெசவுக்குப் பேர்போனவையும் உண்டு. பிழைத்த பெண்களுக்கு இன்று தறி வெறும் மரபு அல்ல, கூலி. மொராக்கோ கம்பளம் ஒன்றை எங்காவது விலை கேட்க நேர்ந்தால், இந்தச் சின்னத்துக்கு என்ன பொருள் என்று கேட்பதற்கு முன், இதை நெய்தது யார், அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.