கைத்துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

பந்தயத்திற் சுடுவோர் 0.22 அங்குல ரகத்தை ஏன் விரும்புகின்றனர் என்ற வினாவுக்குப் பௌதிக சாத்திரம் விடை தருகிறது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதியின்படி, முன்னே பாயும் சன்னத்தின் உந்தத்தையே துப்பாக்கியும் எதிர்த்திசையிற் பெறுகிறது. வெடிவாயுவின் பங்கை ஒதுக்கிவிட்டால், 0.22 அங்குல ரகத்தின் 2.6 கிராம் சன்னம் செக்கனுக்கு 320 மீற்றர் வேகத்திற் புறப்படுகையில், 1.1 கிலோகிராம் துப்பாக்கி முக்கால் மீற்றர் வேகத்திலேயே பின்வாங்கும். 350 மீற்றர் வேகமுடைய 8 கிராம் சன்னமாயின், அதே துப்பாக்கி இரண்டரை மீற்றர் வேகங் கொள்ளும், உதையின் சக்தியோ பத்து மடங்கை மிஞ்சும். இலேசான துப்பாக்கியே சௌகரியமென்பது வீண் பிரமை. பாரம் பாதியானால் அச்சக்தி இரட்டிக்கும். குழல் பிடிக்கு மேலே இருப்பதால், அவ்வுதை மணிக்கட்டைத் திருகிக் குழல்முனையையும் உயர்த்திவிடுகிறது.