கலத்தின் காவலில் கொலஸ்ட்ரோல்

"சேர், கொலஸ்ட்ரோல் கூடாத சாமான்தானே? உடம்பு ஏன் அத உண்டாக்குது?"

உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். வாப்பாவின் இரத்த ரிப்போட்டைப் பார்த்த பிறகு வந்த கேள்வி. அன்று சொன்ன பதிலை இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

இரத்தத்தில் அளவு மீறினால் அது நாடிகளில் படிந்து கெடுதி செய்யும், உண்மை. ஆனால் நமது கலங்களைச் சூழ்ந்துள்ள மென்சவ்வில் அதற்கு வேறு வேலை. மென்சவ்வு என்பது ஈரடுக்கு இலிப்பிட்டு மூலக்கூறுகள். தடிப்பு சுமார் 5 நனோமீற்றர். தலைகள் நீரை நோக்கியும், எண்ணெய்த்தன்மையான வால்கள் உள்நோக்கியும் நிற்கும். வால்களுக்கிடையே கொலஸ்ட்ரோல் புகுந்து அவற்றை நெருக்கி நிமிர்த்துகிறது. ஐதாகப் பின்னிய பன்பாயில் ஈர்க்கு இலேசாக நுழையும். இறுக்கிப் பின்னியதில் நுழையாது. அதே கதைதான்.

இந்த இறுக்கத்தின் பெறுமதி அயன் திரவங்களிடம் தெரியவரும். 100 பாகை செல்சியஸுக்குக் கீழ் உருகிவிடும் உப்புகள் இவை. 1914இல் போல் வால்டன் விவரித்த உப்பொன்று 12 பாகையிலேயே உருகியது. இலகுவில் ஆவியாகாததால் 'பசுமைக் கரைப்பான்' என்ற பெயரும் கிடைத்தது. ஆவியாகாட்டி ஆபத்தில்ல எண்டு நினைக்கப்படாது. இமிடசோலியம் வகையின் நேர் அயனில் நீண்ட காபன் சங்கிலி இருந்தால், அது மென்சவ்வின் எண்ணெய்ப் பகுதிக்குள் செருகி, அடுக்கைக் குலைத்து, கலத்தை ஒழுகவைக்கும். சங்கிலி நீள நீளப் பொதுவாக நஞ்சும் கூடும்.

பெரும்பாலான பற்றீரியாக்களின் மென்சவ்வில் கொலஸ்ட்ரோல் இல்லை. அதன் மறையேற்றமும் நேர் அயனை இழுக்கிறது. நமது செங்குருதிக் கலத்திலோ இலிப்பிட்டு மூலக்கூறுகளில் பாதிக்குக் கிட்ட கொலஸ்ட்ரோல்தான். எனவே ஒரே திரவம் பற்றீரியாவை உடைத்து, நமது கலத்தைக் குறைவாகத் தாக்கலாம். புதிய கிருமிகொல்லி தேடுவோருக்கு இது நம்பிக்கை தருகிறது. ஆனால் காவலுக்கும் எல்லையுண்டு. செறிவு கூடினால், சங்கிலி நீண்டால், நமது மென்சவ்வும் தப்பாது.

ஆகவே கொலஸ்ட்ரோல் சேர்க்காத செயற்கைச் சவ்வில் மட்டும் சோதித்து, மனிதருக்கு இவ்வளவு நஞ்சு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. மனிதக் கலம் தாங்குகிறதென்று கண்டு, மிச்சத்தை ஆற்றில் ஊற்றவும் முடியாது. அங்குள்ள பற்றீரியாக்களுக்கு இந்தக் காவல் இல்லை.

மாணவியிடம் கடைசியாகச் சொன்னேன்: "வாப்பாட மருந்த நிப்பாட்டச் சொல்லல்ல, மகள். இடம் மாறினா, அதே சாமான்ட வேலையும் மாறும்."