உங்களுக்குத் தெரியுமா? கல்யாணப் பரிசாக ஒரு டெலிபோன் கம்பெனி!

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்றொரு சிற்றூர். அங்கிருந்த டெலிபோன் கம்பெனியை 1930-இல் வில்லியம்ஸ் தம்பதி 500 டாலருக்கு வாங்கினார்கள். மொத்தமே 75 இணைப்புகள். ஸ்விட்ச்போர்டு இருந்தது அவர்கள் வீட்டு முன்னறையில்! 1946-இல் மகன் கிளார்க்குக்குக் கல்யாணப் பரிசாக அந்தக் கம்பெனியே கிடைத்தது. மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. கடன் வாங்கி மரியன் ஊர்க் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டார். அப்புறம் வாங்கல் படலம் நிற்கவேயில்லை.

கிராமத்தில் மைல் கணக்கில் கம்பி இழுத்தாலும் கிடைப்பது நாலைந்து வீடுதான். அதனால் பெரிய நிறுவனங்களுக்கு அதில் ஆர்வமில்லை. ஆனால் பல ஊர்களை வாங்கி, பில் போடுவதையும் பழுது பார்ப்பதையும் ஒரே இடத்திலிருந்து நடத்தினால் கணக்கு கட்டுப்படியாகும். 2002-இல் வெரைசன் நிறுவனம் விற்ற அலபாமா, மிசௌரி இணைப்புகள் கிளார்க் வளர்த்த கம்பெனிக்கு வந்தது இப்படித்தான். 2009-இல் தன்னைவிடப் பெரிய எம்பார்க் என்ற டெலிபோன் கம்பெனியையே அது விழுங்கியது (துணிச்சல்தான்!). 2011-இல் க்வெஸ்ட் என்ற இன்னொரு டெலிபோன் கம்பெனியையும் வாங்கியது. செஞ்சுரிலிங்க் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கம்பெனி 2020-இல் லூமென் ஆனது. 2022-இல் 20 மாநிலங்களின் பழைய தொலைபேசித் தொழிலை 750 கோடி டாலர் மதிப்பில் கைமாற்றிவிட்டது.