வாக்காளர் மனம் – 11: ஒரே தவறு, இரண்டு தீர்ப்பு

ஒருவரைப் பற்றி நாலு நல்லதும் ஒரு கெட்டதும் கேள்விப்பட்டால் அந்தக் கெட்டதுதான் மனதில் தங்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அமெரிக்க அதிபர் தேர்தல் கருத்தாய்வுத் தரவுகளை வைத்து அரசியல் அறிஞர் ரிச்சர்ட் லாவ் 1980-களிலேயே இதைக் காட்டினார். அந்தக் கெட்டது ஒரு பெண் வேட்பாளரைப் பற்றியதாக இருந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு முழு உதாரணம் இருக்கிறது.

2010 ஜூன் 24 அன்று ஜூலியா கிலார்ட் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரானார். லேபர் கட்சிக்குள் கெவின் ரட்டின் தலைமைக்குச் சவால் விட்டு, அவர் விலக, அந்த இடத்துக்கு வந்தார். ஆகஸ்ட் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தன் ஆட்சியில் கார்பன் வரி இருக்காது என்று தொலைக்காட்சியில் சொன்னார். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 150 இடங்களில் லேபருக்கு 72. பசுமைக் கட்சியையும் சுயேச்சைகளையும் சேர்த்துக்கொண்டுதான் ஆட்சி அமைக்க முடிந்தது. 2011 பிப்ரவரியில் கார்பனுக்கு விலை வைக்கும் திட்டத்தை அறிவித்தார். பெரிய நிறுவனங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 23 டாலர் என்று 2012 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது.

வாக்குறுதி மீறப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை. கோபப்பட மக்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் அந்தக் கோபம் எந்த உருவம் எடுத்தது என்று பாருங்கள். 2011 மார்ச்சில் கான்பெரா நாடாளுமன்றத்துக்கு வெளியே நடந்த கூட்டத்தில், ‘சூனியக்காரியைத் தூக்கியெறி’ என்று எழுதிய பதாகைகள் நின்றன. இன்னொரு பதாகை பசுமைக் கட்சித் தலைவரோடு அவரைச் சேர்த்து, அச்சில் எழுதக் கூசும் சொல்லால் ஏசியது. அவற்றுக்கு முன்னால் நின்றுதான் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் பேசினார். ‘ஜூலியா’வோடு பொய்யர் என்று பொருள்படும் ‘லையர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கோத்த ‘ஜூலையர்’ என்ற பட்டப்பெயர், கிலார்ட் பதவியில் இருந்தவரை அவரை விடவில்லை.

இதே நாட்டில் ஜான் ஹோவர்ட் என்ன செய்தார்? ஜி.எஸ்.டி. வரி ஒருபோதும் வராது என்று 1995-இல் உறுதி சொன்னார். 1996-இல் பிரதமரானதும், தன் வாக்குறுதிகளில் முக்கியமானவை உண்டு, முக்கியமல்லாதவையும் உண்டு என்று விளக்கம் கொடுத்தார். 2000 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் 1998 தேர்தலில் அந்த வரியை வெளிப்படையாக முன்வைத்து வென்றார் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கிலார்டுக்கும் அவருக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அது. ஹோவர்டையும் பொய்யர் என்றார்கள். ஆனால் அவருடைய வீடும் உடம்பும் குழந்தைகளும் அந்த வழக்கில் சாட்சிக்கு இழுக்கப்படவில்லை. கிலார்டுக்குப் பிரதமராகும் முன்பே இழுக்கப்பட்டன. 2005-இல் அவர் வீட்டுச் சமையலறையில் எடுத்த புகைப்படத்தில் பழக்கிண்ணம் காலியாக இருந்தது பல நாள் பேச்சானது. குழந்தை பெறாத அவரை ‘வேண்டுமென்றே மலடாக இருப்பவர்’ என்று 2007-இல் செனட்டர் பில் ஹெஃபர்னன் சொன்னார்; பிறகு மன்னிப்புக் கேட்டார்.

தலைவரைக் கவிழ்த்த குற்றமும் அப்படித்தான். 1991-இல் பாப் ஹாக்கைக் கவிழ்த்துப் பிரதமரான பால் கீட்டிங் 1993 தேர்தலில் வென்றார். 2015-இல் மால்கம் டர்ன்புல் அபாட்டைக் கவிழ்த்தார். அதையெல்லாம் அரசியலின் வழக்கம் என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு, கிலார்ட் செய்தபோது மட்டும் அது ஒரு பெண்ணின் குணக்கேடாகத் தெரிந்தது.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. டைலர் ஒகிமோட்டோ, விக்டோரியா பிரெஸ்கால் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கற்பனை அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். குறிப்பு ஒன்றே, பெயர் மட்டும் சிலருக்கு ஆண் பெயர், சிலருக்குப் பெண் பெயர். அதிகாரத்தை நாடுபவர் என்ற விவரம் சேர்ந்தபோது ஆணுக்கு அதனால் இழப்பில்லை. பெண்ணுக்கு ஆதரவு குறைந்தது. குறைந்ததோடு போகவில்லை, அவர்மேல் அருவருப்பும் அவமதிப்பும் எழுந்தன. படித்தவர்களில் பெண்களும் ஆண்களைப் போலவேதான் தீர்ப்புச் சொன்னார்கள். என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கடைசி விவரம்தான்.

எதிர்ப்பக்கம் பேசும் ஆய்வும் இருக்கிறது. டெபோரா ஜோர்டன் ப்ரூக்ஸ் 2013-இல் வெளியான தன் நூலில், அழுதாலும் கோபப்பட்டாலும் தவறு செய்தாலும் பெண் வேட்பாளருக்கு ஆணைவிடக் கூடுதல் தண்டனை கிடைப்பதில்லை என்று சோதனைகள் வழியே காட்டினார். இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குத் தோன்றுவது இது: பெரும்பாலும் வெறுப்பு, பெண் என்பதற்காகப் பிறப்பதில்லை. கொள்கை, கட்சி, வரி என்று வேறெங்கோ பிறக்கிறது. பிறந்த பிறகு, பெண் என்பதைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. பதவிக்கு வந்த முதல் வாரங்களில் கருத்துக்கணிப்புகள் கிலார்டுக்குச் சாதகமாகவே இருந்தன. அப்போதும் அவர் பெண்தான். கோபம் வந்த பிறகுதான் சூனியக்காரி ஆனார். அந்தச் சொல்லை வாக்காளர் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. மேடையும் வானொலியும் எடுத்துக் கொடுக்கின்றன.

பெண் திருப்பித் தாக்கினால்? 2012 அக்டோபர் 9 அன்று நாடாளுமன்றத்தில் கிலார்ட், பெண்வெறுப்பைப் பற்றிப் பாடம் கேட்க இந்த மனிதரிடம் வர மாட்டேன் என்று அபாட்டின் முகத்துக்கு நேரே பேசினார். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். கான்பெரா செய்தியாளர்கள் பலரோ, பெண்களை இழிவுபடுத்திக் குறுஞ்செய்தி அனுப்பிச் சிக்கிய சபாநாயகர் பீட்டர் ஸ்லிப்பரைக் காப்பாற்றும் தந்திரம் என்று மறுநாள் எழுதினார்கள். ஸ்லிப்பரின் பதவியைக் காக்கும் தேவை அரசுக்கு இருந்தது உண்மை. அதனால் கிலார்ட் சொன்னது பொய்யாகிவிடாது.

2013 ஜூன் 26 அன்று ரட் அவரைக் கவிழ்த்தார். அந்த இரவு கிலார்ட் சொன்னதன் சாரம்: பெண் என்பது என் காலத்து நிகழ்வுகள் எல்லாவற்றுக்கும் விளக்கமாகாது, எதற்குமே விளக்கமாகாது என்பதும் சரியல்ல, சிலவற்றுக்கு விளக்கம் அதுதான். பதவி போன அன்றிரவே இவ்வளவு நிதானமாகப் பேச முடிந்தவரைத்தான் அந்த நாடு மூன்று ஆண்டுகள் அப்படி ஏசியது.

அடுத்த வாரம் கனடா, 1993. அங்கும் முதல் பெண் பிரதமர், கிம் கேம்பல். எதிராளியின் முகக் கோணலைக் காட்டி அவர் கட்சி வெளியிட்ட ஒரு விளம்பரத்தையும், அந்தக் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியதில் அதன் பங்கு எவ்வளவு என்பதையும் பார்ப்போம்.