மருந்துக்குத் தடை; பிரதிநிதிக்குக் கலக்கம்

புது தில்லி: ஒரு மருந்துக்குத் தடை வந்தால், அதை நம்பிப் பிழைக்கும் விற்பனைப் பிரதிநிதியின் வேலையும் ஊசலாடத் தொடங்குகிறது.

2016 மார்ச் 10-ம் தேதி 344 கூட்டு மருந்துகளுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்தது. அவற்றின் சேர்க்கைக்கு மருத்துவ நியாயம் இல்லை, உடல்நலத்துக்குக் கேடு விளையலாம் என்பது காரணம். டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தது.

இரண்டரை ஆண்டுகள் நீடித்தது இந்த இழுபறி. திருப்பதி மாவட்டம் நாகலாபுரம் போன்ற சிற்றூர்கள் வரை மருத்துவர்களைத் தேடிச் செல்லும் பிரதிநிதிக்கு மாத இலக்கே அளவுகோல். மருந்து பட்டியலிலிருந்து நீங்கினால் ஊக்கத்தொகை குறையும். இடமாற்றமோ பணிநீக்கமோ தொடரலாம்.

தொழில் தகராறு சட்டப்படி இவர்கள் ‘தொழிலாளர்’ அல்லர் என 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976-ம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டமே அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது இணைக்கப்பட்டது.

நோயாளியின் பாதுகாப்புக்குத் தடை அவசியமாகலாம். ஆனால், அந்த மருந்தை விற்றவரின் பிழைப்பு குறித்துத் தடை ஆணைகள் எதுவும் கூறுவதில்லை.