கையெழுத்து இருக்கிறது, சட்டம் எங்கே?

விழுப்புரத்தில் 1978 ஜூலையில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். வழக்கு நடந்தது. கொலை வழக்கு! சட்டப் புத்தகம் 12 பிணங்களை எண்ணிற்று. எல்லோரும் ஏன் ஒரே மக்களாக இருந்தார்கள் என்று கேட்க அதில் பிரிவு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே 1989இல்தான் வந்தது.

அது இனப்படுகொலையா என்று கேட்பீர்கள். அவசரப்பட்டு ஆம் என்று சொல்லமாட்டோம். ஐ.நா. மன்றம் 1948 டிசம்பர் 9இல் வகுத்த இலக்கணம் கண்டிப்பானது. பிணங்களின் எண்ணிக்கையை அது பார்ப்பதில்லை, நோக்கத்தைப் பார்க்கிறது. ஒரு கூட்டத்தாரை, கூட்டத்தார் என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் வேண்டும். அந்த நோக்கம் இருந்தால் பிள்ளைப்பேற்றைத் தடுப்பதும், குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்தாரிடம் ஒப்படைப்பதும்கூட இனப்படுகொலையே!

யார் அந்தக் கூட்டத்தார்? தேசம், இனம், நிறவழி, மதம் என்று நான்கே நான்கு. 1998இல் ரோம் நகரில் எழுதிய சாசனமும் இதையே வரி பிசகாமல் எடுத்துக்கொண்டது. சாதி என்ற சொல் அங்கே கிடையாது! சாதியால் சாகிறவன் எந்தக் கதவைத் தட்டுவது?

ஆனால் உள்நாட்டுச் சட்டம் உலகச் சட்டத்தைவிட அகலமாக இருக்கலாம். வங்கதேசம் 1973இல் அரசியல் கூட்டத்தாரையும் சேர்த்தது. பிரான்சு, தான்தோன்றித்தனமான எந்த அளவுகோலால் ஒதுக்கப்பட்ட கூட்டமானாலும் சரி என்று எழுதிவைத்தது. அந்த வாசலில் சாதியும் நுழையலாம் என்பது நம் எண்ணம்.

இந்தியா? 1949இல் கையெழுத்திட்டது, 1959இல் உறுதிசெய்தது. உள்நாட்டில் சட்டம் இயற்றுவோம் என்பது அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி. இயற்றினார்களா? இல்லை! ரோம் சாசனத்தில் சேரவும் இல்லை.

திண்டிவனத்து மேடையில் ஈழத்தைப் பேசினால் இனப்படுகொலை என்ற சொல் வராமல் இருக்காது. 2013 மார்ச்சில் தமிழகச் சட்டமன்றமே அச்சொல்லைத் தீர்மானத்தில் வைத்தது. வைத்தது சரி. ஆயினும் தீர்மானம் தண்டனைப் பிரிவாகுமா? அந்தக் குற்றத்தைச் செய்தவன் நாளை சென்னையில் வந்து இறங்கினாலும், அந்தப் பெயரில் வழக்குப் பதிய இங்கே இடமில்லையே! இலங்கையும் 1950லேயே ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1984இல் சீக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கொன்றில் தில்லி உயர்நீதிமன்றம் 2018 டிசம்பரில் இதே ஓட்டையைச் சுட்டிக்காட்டிற்று. விரைந்து அடையுங்கள் என்றது. 2023இல் பழைய தண்டனைச் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். பெயரை வடமொழியாக்க நேரம் இருந்தது. ‘பாரதிய நியாய சன்ஹிதா’ 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. புரட்டிப் பாருங்கள், இனப்படுகொலைக்கு அதிலும் பிரிவு இல்லை.